கெட்டிலின் வெள்ளையும் பற்களின் பழுப்பும்

வாசகி கேள்வி:

நான் சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 14ஆம் மாடியில் வசிக்கிறேன். எங்கள் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. வடிகட்டி விற்பவர் ஒருவர் நேற்று கதவைத் தட்டினார். எங்கள் குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து, அதில் ஒரு கருவியின் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். தண்ணீர் துரு நிறமாகி, கட்டி கட்டியாக மிதந்தது. அவர் கொண்டுவந்த வடிகட்டிய தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது. "இந்தச் சுண்ணாம்புதான் சிறுநீரகத்தில் கல்லாகிறது" என்றார். இயந்திரம் 2,800 வெள்ளி. எதிர்வீட்டு அக்கா உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.

அம்மா ஊரில், தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில், அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறார். அங்கே போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீர், ஒரே உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கெய்சர் அடிக்கடி பழுதாகிறது. குழாயில் ஒகேனக்கல் திட்டத் தண்ணீர் வராத நாட்களில் குடிக்கவும் அதுதான். அண்ணன் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. ஒழுங்காகத் துலக்குவதில்லை என்று அம்மா திட்டிக்கொண்டே இருக்கிறார். தீபாவளிக்குப் போகும்போது தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போய்ச் சோதித்துவிட்டு, கடின நீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் ஒன்று பொருத்திக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் எது நல்லது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கெட்டிலைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் பற்களைப் பற்றி ஒரே ஒரு வரி. குடிநீர்ப் பகுப்பாய்வைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த ஒரு வரிதான் கவலை தருகிறது. ஈசூன் வீட்டுக்கு நீங்கள் எதுவும் வாங்கத் தேவையில்லை. பாலக்கோட்டு வீட்டுக்கு, தண்ணீரை ஆய்வகத்தில் சோதிக்காமல் எதுவும் வாங்காதீர்கள். சோதனை முடிவு வரும்வரை பிள்ளைகளுக்குப் போர் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் இன்றே பேசுங்கள். தீபாவளிவரை இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

முதலில் எதிர்வீட்டு அக்காவின் விஷயம். உங்களுக்கு இதைத் தனி மின்னஞ்சலில் முன்பே எழுதிவிட்டேன். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். அழைக்காமல் வீடு தேடி வந்து விற்பவரிடம் போட்ட ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்கள் நீங்கலாக 5 நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய சிங்கப்பூர்ச் சட்டம் இடம் கொடுக்கிறது. தொலைபேசியில் சொன்னால் போதாது. எழுதிக் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். இழுத்தடித்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

அவர் செய்துகாட்டிய சோதனையில் நீங்கள் பார்த்த பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்தது அல்ல. அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாகிறது. அதுதான் துரு நிறம். அலுமினியத்திலிருந்து வெண்ணிறத் திரள்கள் வருகின்றன. இது நடக்க வேண்டுமானால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். கடத்துவதற்குக் கொஞ்சம் தாது உப்பு வேண்டும். நல்ல குடிநீர் எல்லாவற்றிலும் அது உண்டு. அவர் கொண்டுவந்த தண்ணீரில் உப்பு ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. அதனால் மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை, நிறமும் மாறவில்லை. அவர் மறுபடி வந்தால் அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். அதுவும் உங்கள் கண்ணெதிரே பழுப்பாகிவிடும். இப்படிப் பயமுறுத்தி 2,800 வெள்ளி கேட்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தை வரவழைக்கிறது. இன்னும் சிலர் குழாய் நீரில் ஒரு சொட்டு மருந்தை விட்டு மஞ்சளாக்கி, "பாருங்கள், விஷம்" என்பார்கள். அந்த மஞ்சள், தண்ணீரில் கிருமிநாசினி இருக்கிறது என்பதற்கான அடையாளம். குழாய் நீரை வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்திலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைபவர்களைப் பற்றிக் கழகமே எச்சரித்திருக்கிறது.

இனி கெட்டில். தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் இரண்டின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது கொதிக்கும்போது கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சிங்கப்பூரின் நீர்த்தேக்க நீரும் ஜோகூர் ஆற்று நீரும் பெரும்பாலும் மழைநீர், இயல்பிலேயே மென்னீர். மென்னீரை அப்படியே குழாயில் விட்டால் அது உலோகத்தை அரிக்கும். அதைத் தடுக்கச் சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்து நீரின் காரத்தன்மையைச் சற்று உயர்த்துகிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலும் உப்பு முழுவதையும் நீக்கிய பிறகு தாதுக்களைத் திரும்பச் சேர்க்கத்தான் வேண்டும். ஆக, உங்கள் கெட்டிலில் படியும் வெள்ளையில் ஒரு பங்கு, குழாயைக் காப்பதற்காகவே சேர்க்கப்பட்டது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் படிகிறது, நாளுக்கு 6 லிட்டர் காய்ச்சுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு மூன்றரை கிராமுக்கு மேல் சேரும். பார்க்க நிறையத் தெரியும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவினால் போய்விடும். தேநீரில் அந்தப் பொருக்கு மிதந்து வந்து, தெரியாமல் குடித்துவிட்டாலும் கேடில்லை.

சிறுநீரகக் கல் பற்றி அவர் சொன்னது தவறு. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். கெட்டிலில் படிவது வேறு பொருள். உணவிலும் நீரிலும் வரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்ற உதவுகிறது. கல் வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, போதிய அளவு தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கடினத்தன்மைக்கு உலகச் சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை.

14ஆம் மாடி என்பதால் உங்கள் தண்ணீர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும். அதைத் துப்புரவாக வைத்திருப்பது நகர மன்றத்தின் பொறுப்பு. தொட்டிகளை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். நிறமோ மணமோ மாறினால் அவர்களைக் கேளுங்கள். குழாயைத் திறந்ததும் தண்ணீர் பால்போல் வெளுத்து, கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. மருந்து மணம் பிடிக்கவில்லையென்றால் சாதாரணக் கரி வடிகட்டிக் குடுவை போதும். ஆனால் இங்கே பயன்படுத்துவது மோனோகுளோரமின். குளோரினைப்போல் ஒரு இரவு திறந்து வைத்தால் பறந்துபோகாது. கரிதான் அதைக் குறைக்கும். கிருமிநாசினியை நீக்கிவிட்ட நீர் நிற்கும் இடத்தில் கிருமி வளரும் என்பதால், கரிப்பெட்டியைக் குறித்த காலத்தில் மாற்ற மறப்பவர்கள் வடிகட்டியே வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. மாதத்துக்கு 40 கனமீட்டர்வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு ஒரு கனமீட்டர், அதாவது 1,000 லிட்டர், சுமார் 3.24 வெள்ளிதான். அந்தத் தண்ணீரை நேராகக் குழாயிலிருந்து பிடித்துக் குடியுங்கள்.

ஈசூன் கதை இவ்வளவுதான். பாலக்கோட்டுக்கு வருகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடியில் இருப்பது கடும்பாறை. அபடைட், பயோடைட் போன்ற ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் அதில் உண்டு. பாறையின் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி நிற்கும் நீரில் ஃபுளோரைடு கரைந்து சேர்கிறது. 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முக்கிய நோக்கமே இந்த இரண்டு மாவட்ட மக்களையும் ஃபுளோரைடு பாதிப்பிலிருந்து விடுவித்துக் காவிரி நீரைக் கொடுப்பதுதான். உங்கள் வீட்டில் அந்தக் குழாய் இருந்தும், தண்ணீர் வராத நாட்களில் பிள்ளைகள் போர் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

பற்களின் எனாமல் உருவாகும் வயதில், ஏறக்குறைய 8 வயதுவரை, ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் விழும். கறை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு துலக்கினாலும் போகாது. உங்கள் அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு தவறும் செய்யவில்லை. தினமும் திட்டு வாங்கும் அளவுக்கு எதுவும் செய்யவில்லை. பழுப்புக் கறைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரு பல் மருத்துவர் பார்த்தால் சொல்லிவிடுவார். அதே நீரைப் பெரியவர்களும் குடிப்பதால் அவர்களையும் மறக்கக் கூடாது. லிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரை நீண்ட காலம் குடித்தால் எலும்பிலேயே மாற்றம் வரலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

ஃபுளோரைடு என்றாலே நஞ்சு என்று நினைத்துவிட வேண்டாம். சிங்கப்பூரில் 1950களின் பிற்பகுதியிலிருந்து பல் சொத்தையைத் தடுப்பதற்காகவே குழாய் நீரில் அதைச் சேர்க்கிறார்கள். லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில். இந்தியக் குடிநீர்த் தர அளவு 1.0, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5வரை. நல்லதற்கும் கெடுதலுக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவு குறுகியது. அதை நாக்கோ கண்ணோ காட்டாது.

உங்கள் டிடிஎஸ் மீட்டரும் காட்டாது. அது நீரின் மின்கடத்து திறனை அளந்து, கரைந்துள்ள உப்பின் மொத்த அளவைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவி. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. மீட்டர் 900 காட்டும் கிணற்றில் ஃபுளோரைடு அரை மில்லிகிராமாக இருக்கலாம். 400 காட்டும் கிணற்றில் 3 மில்லிகிராம் இருக்கலாம். 900 என்ற மொத்தத்தில் 3 கூடினாலும் குறைந்தாலும் மீட்டரில் என்ன தெரியப்போகிறது? இன்னொன்றையும் கவனியுங்கள். கால்சியம் நிறைந்த நீரில் ஃபுளோரைடு அதிகமாகத் தங்க முடியாது, கால்சியம் ஃபுளோரைடாகப் பிரிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரில்தான் அது தாராளமாகக் கரைந்து நிற்கும். அதனால் ஓரளவு சோப்பு நுரைக்கிற, வாய்க்கு உறுத்தாத கிணற்று நீர்கூட ஆபத்தாக இருக்கலாம். "எங்கள் தண்ணீர் கடினம்தான், அதனால் ஃபுளோரைடு இருக்காது" என்றும் சொல்லிவிட முடியாது. கடினத்தன்மை மக்னீசியத்தாலும் வரும்.

சாஃப்ட்னர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை நீரில் விடும். கெய்சருக்கும் துணி துவைக்கவும் நல்லது. ஃபுளோரைடைத் தொடவே தொடாது. 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் கூடும். அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு இருந்தால் அந்த நீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். கொதிக்க வைப்பதும் உதவாது. கிருமி சாகும், கொஞ்சம் சுண்ணாம்பு படியும். நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட மிச்சத்தில் ஃபுளோரைடின் செறிவு கூடும். தேற்றாங்கொட்டையும் படிகாரமும் கலங்கல் நீரைத் தெளியவைக்கும். கரைந்திருப்பதைத் தேற்றாங்கொட்டை எடுக்காது. படிகாரத்தைச் சுண்ணாம்போடு அளந்து சேர்த்து ஃபுளோரைடைக் குறைக்கும் நல்கொண்டா முறை இருக்கிறது என்றாலும், அளவு தவறினால் நீரில் அலுமினியம் மிஞ்சும் என்பதால் வீட்டில் கைக்கணக்காகச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சோதனையில் ஃபுளோரைடு அதிகம் என்று வந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ இயந்திரம், அதாவது மெல்லிய சவ்வின் வழியே நீரை அழுத்தி வடிகட்டும் இயந்திரம், பொருத்தலாம். அதன் சவ்வு ஃபுளோரைடின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பொருத்துபவரிடம் ஒன்றை உறுதியாகச் சொல்லுங்கள். பல இயந்திரங்களில் சுவைக்காகச் சவ்வைக் கடக்காத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் ஒரு திருகு இருக்கும். டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பார்கள். அதைத் திறந்துவிட்டால் நீங்கள் காசு கொடுத்து நீக்கிய ஃபுளோரைடு பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும். உங்கள் வீட்டில் அதை முழுவதும் மூடிவைக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவுநீர் போகும். அதில் எல்லாம் செறிந்திருக்கும் என்பதால் தரை கழுவவும் கழிப்பறைக்கும் மட்டும் பயன்படுத்த வேண்டும். மாட்டுத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

சமைக்கவும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஊரில் கேழ்வரகுக் களி கிண்டாத வீடு குறைவு. சோற்றைக் கஞ்சி வடித்தால் நீரோடு கொஞ்சம் ஃபுளோரைடும் போய்விடும். களி ஊற்றிய நீர் முழுவதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், களிக்குப் போர் தண்ணீர் என்று பிரித்து வைத்தால் பாதிப் பயன்தான். கேழ்வரகை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதிலும் பாலிலும் உள்ள கால்சியம், உடல் ஃபுளோரைடை உறிஞ்சுவதைக் குறைக்கும். பருப்பு வேகாததற்குக் காரணமும் கால்சியம்தான். பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகிறது. ஒகேனக்கல் நீரிலோ ஆர்ஓ நீரிலோ வேகவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அம்மாவே வித்தியாசத்தைச் சொல்வார்.

இயந்திரத்துக்கு முன்பே செய்யக்கூடியது சேமிப்பு. ஒகேனக்கல் நீர் வரும் நாளில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மூடியுள்ள தனித் தொட்டியில் பிடித்துவைக்கட்டும். ஐந்து பேருக்கு நாளுக்கு 25 முதல் 30 லிட்டர் போதும். 200 லிட்டர்த் தொட்டி ஒரு வாரம் தாங்கும். அடியில் குழாய் வைத்த தொட்டியாகப் பார்த்து வாங்குங்கள், செம்பை உள்ளே விட வேண்டியிருக்காது. மழைக்காலத்தில் கூரை நீரையும் பிடிக்கலாம். முதல் சில நிமிட நீரைக் கழித்துவிட்டுத் துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குடிக்கலாம்; மழைநீரில் கடினமும் இல்லை, ஃபுளோரைடும் இல்லை என்றே சொல்லிவிடலாம். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீர் பிடிக்கும் பகுதிதான். நீங்கள் ஈசூனில் குடிப்பதில் ஒரு பங்கும் அதுதான்.

சோதனைக்கு அண்ணனே போகலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். புதிய 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளட்டும். எண்ணெய், குளிர்பானம் இருந்த பாட்டில் வேண்டாம். மோட்டாரைப் போட்டுச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு, தொட்டியிலிருந்து அல்லாமல் போர் குழாயிலிருந்தே பிடிக்க வேண்டும். அதே நீரால் மூன்று முறை அலசி, விளிம்புவரை நிரப்பி, இடமும் தேதியும் எழுதி ஒட்டி அன்றே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். ஒகேனக்கல் குழாய் நீரையும் இன்னொரு பாட்டிலில் தனியாகக் கொடுப்பது நல்லது. கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டில் வேண்டும்.

மொத்தக் கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், குளோரைடு, இரும்பு, டிடிஎஸ் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கடினத்தன்மைக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 600வரை. நைட்ரேட் 45க்கு மேல் போகக் கூடாது. அதற்கு விலக்கே இல்லை. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீடு என்றால் அந்த எண்ணை முதலில் பாருங்கள். முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஃபுளோரைடு 1.0க்குள் இருந்து மற்ற எண்களும் வரம்புக்குள் இருந்தால் ஆர்ஓவே தேவைப்படாது. 1.5ஐத் தாண்டினால் பிள்ளைகளின் வயதையும் எழுதுங்கள். எந்த அளவு இயந்திரம் என்று அப்போது சேர்ந்து முடிவு செய்வோம். சாஃப்ட்னரை அதற்குப் பிறகு, கெய்சருக்காகவும் துணி துவைக்கவும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.